அரிதாரமும் அஞ்சனமும்: ஒப்பனைப் பொருள்களின் நச்சுக் கனிமங்களும் அவற்றை அறியும் முறையும்

முகத்தில் வண்ணந் தீட்டிக்கொள்ளுதலைத் தமிழ் மக்கள் இன்றும் 'அரிதாரம் பூசுதல்' என்றே வழங்குகின்றனர். கூத்தன் அரிதாரம் பூசுகின்றான்; மேடையை விட்டு இறங்கியவன் அரிதாரம் கலைக்கின்றான். இங்ஙனம் வழங்குவோருள் அரிதாரம் என்பது யாது என வினவின் விடை கூற வல்லார் மிகச் சிலரே. அது பூச்சுக்குரிய பொதுப்பெயர் அன்று. வடமொழியில் 'ஹரிதாலம்' எனப்படும் மஞ்சட் கனிமத்தின் பெயர். ஆர்சனிக் என இன்று வழங்கும் தனிமமும் கந்தகமும் கூடி அமைந்தது அது. மருத்துவ நூலார் அதனைப் பாடாண வகையுள் வைத்து எண்ணுவர். ஆகவே நஞ்சொன்றன் பெயரே நம் மொழியில் ஒப்பனைக்குப் பெயராய் நின்றுவிட்டது. இச்சொல்லாட்சியே இவ்வாராய்ச்சிக்குத் தோற்றுவாய். ஒப்பனைப் பொருள்களில் ஈயம், இரசம், ஆர்சனிக் ஆகியவை இருந்த வரலாற்றையும், அவை உளவா இலவா என அறியும் முறைகள் தோன்றிய வரலாற்றையும், அம்முறைகள் கள்ளக்குறிச்சி மாவட்டத்து வெள்ளிமலை போன்ற மலையூர்களுக்கு எத்துணை எட்டுகின்றன என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வெள்ளிமலையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கல்வராயன் மலைத்தொடரில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் ஊர்களுக்கு நடுவணாக விளங்குவது அவ்வூர். பெயரைக் கேட்டவுடன் ஆங்கு முன்னொரு காலத்து வெள்ளி எடுத்தனர் போலும் எனக் கருதுவாருளர். ஈயக்கல்லில் வெள்ளி சிறிதளவு கலந்திருத்தல் இயல்பாதலானும், பழைய தென்னார்க்காட்டு மாமண்டூர்ப் பகுதியில் செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றின் கனிமங்கள் கண்டறியப்பட்டிருத்தலானும் அக்கருத்துக்கு ஓரளவு கவர்ச்சி உண்டாகின்றது. எனினும் அதனைக் கொள்ளுதற்கில்லை. வெள்ளிமலை என்பது கயிலைக்கு வழங்கும் பெயர். தமிழகத்தில் அப்பெயர் பூண்ட குன்றுகள் வேறும் உள. ஊர்ப்பெயர் கொண்டு உலோக வரலாறு எழுதப் புகுவது இடருடைத்து. பெயரும் பொருளும் வேறுபட்டு நிற்றல் இவ்வாராய்ச்சி முழுமையும் நம்மைத் தொடர்ந்து வரும் இடர்ப்பாடாகும்.

பண்டைத் தமிழர் ஒப்பனைக்குச் சிறந்த சான்று சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை. மாதவி கோவலன் ஊடல் தீர்த்தற்பொருட்டுத் தன்னை ஒப்பனை செய்துகொண்ட திறத்தை அக்காதை விரித்துரைக்கின்றது. பத்து வகைத் துவரும், ஐவகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் கூந்தலை ஆட்டினாள் என்பது அங்குக் கூறப்படும் செய்தி. அவை இன்னின்ன என அடியார்க்குநல்லார் உரையில் அறியக் கிடக்கின்றன. துவர் பத்தும் நாவல், கடு, நெல்லி, தான்றி, ஆல், அரசு, அத்தி, இத்தி, முத்தக்காசு, மாந்தளிர் என்பன. விரை ஐந்தும் கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் என்பன. இவை யாவும் மரஞ்செடிகளிற் பெறுவன. ஓமாலிகையும் பெரும்பாலும் அவ்வாறே. கத்தூரி, புழுகு முதலிய சில விலங்கினின்று பெறுவன. மாதவியின் அடிக்கு ஊட்டிய செம்பஞ்சுக் குழம்பும் கனிமம் அன்று. இப்பட்டியலில் உள்ள கடுக்காயும் நெல்லியும் தான்றியும் கல்வராயன் மலையிலே இயல்பாக விளைவன. கடுக்காய் திரட்டி விற்றல் அம்மலை மக்களின் பழைய தொழில்களுள் ஒன்று. புகார்ச் செல்வ மகளிர் கூந்தலுக்கு வேண்டிய துவர்ப்பொருள் மலையிலிருந்து இறங்கிய காலமும் ஒன்றிருந்திருக்கும்.

இப்பட்டியலைக் காட்டித் தமிழர் ஒப்பனை முழுதும் தழையும் வேருமே என்றும், நச்சுக் கனிமங்கள் பிற்காலத்துப் பிறர் வாயிலாக வந்தன என்றும் எழுதுவார் உளர். அது நேர்மையான முடிபு அன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகன் ஒருவன் எழுதிய 'எரித்திரையக் கடற் பயண நூல்' முசிறி, நெல்கிந்தா ஆகிய துறைகளில் வந்திறங்கிய பண்டங்களைத் தொகுத்துரைக்கின்றது. பொற்காசு, பவளம், கண்ணாடி, செம்பு, தகரம், ஈயம் என வரும் அத்தொகையுள் மூன்று பண்டங்கள் நம் கருத்தை ஈர்க்கின்றன. ஒன்று, கண்ணிற்குத் தீட்டும் கருங்கல்லாகிய 'ஸ்டிமி'. மற்றொன்று செந்நிறப் பாடாணமாகிய மனோசிலை. மூன்றாவது மஞ்சட் பாடாணமாகிய அரிதாரம். இம்மூன்றும் சுவரோவியத்துக்கும் மருந்துக்கும் பயன்பட்டிருத்தல் கூடும் என்பதை யாமும் மறுக்கின்றிலம். ஆயினும் கண்மைக்கல் ஒப்பனைக்கே சிறந்தது என்பது தெளிவு. இத்துறைகளுக்கு மேலைக்கடல் கடந்து இப்பொருள் வந்ததெனின், அதனை விலை கொடுத்து வாங்குவோர் இந்நாட்டில் இருந்தனர் என்பது சொல்லாமலே அமையும். கீழடி முதலிய அகழாய்விடங்களிற் கிடைத்த மை தீட்டும் கோல்களையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் தகும். ஆகவே தழையும் இருந்தது, கல்லும் இருந்தது. இலக்கியம் ஒன்றைப் பாடிற்று; வணிகன் மற்றொன்றைக் கணக்கெழுதினான்.

இனி அக்கண்மைக்கல் யாது என்பது வினா. 'ஸ்டிமி' என்னும் சொல்லே இலத்தீனில் 'ஸ்டிபியம்' ஆகிப் பின்னர் அந்திமனி என்னும் உலோகத்துக்குப் பெயராயிற்று. அதனால் பண்டையோர் கண்மை யாவும் அந்திமனிக் கல்லே எனப் பலர் நெடுங்காலம் நம்பினர். ஆனால் எகிப்தியக் கல்லறைகளிற் கிடைத்த மைச்சிமிழ்களின் உள்ளீட்டைச் சோதித்தபோது பெரும்பான்மை ஈயக் கந்தகையாகிய கலேனாவே என்பது புலனாயிற்று. 1999-ஆம் ஆண்டு பிலிப் வால்டரும் அவர்தம் குழுவினரும் பாரிசு நகர் இலூவர் காட்சிச்சாலைப் பொருள்களை ஆராய்ந்து, அம்மையில் இயற்கையிற் காண்டற்கரிய ஈய உப்புக்களும் கலந்திருத்தலையும், அவை வேண்டுமென்றே செய்து சேர்க்கப்பட்டமையையும் வெளியிட்டனர். அவ்வுப்புக்கள் மிகச் சிற்றளவில் உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடும் என அதே குழுவினர் 2010-இல் எழுதினர். ஈய மை நன்றே என இதனைச் சான்றாகக் காட்டுவோர் இப்பொழுது மிகுந்துவிட்டனர். ஆய்வுக்கூடத்துத் தனிக்கலங்களிற் கண்டதைக் குழந்தையின் கண்ணுக்கு ஏற்றிச் சொல்லுதல் அளவை நூலார்க்கு ஒவ்வாது.

நம் நாட்டிலோ இக்குழப்பம் பெயரளவிலேயே ஐந்து மடங்காகப் பெருகியுள்ளது. இரசநூல்கள் அஞ்சனம் ஐந்தெனக் கூறும்: சௌவீராஞ்சனம், சுரோதாஞ்சனம், நீலாஞ்சனம், புட்பாஞ்சனம், இரசாஞ்சனம். இவற்றுள் இரசாஞ்சனம் மரமஞ்சளைக் காய்ச்சி எடுத்த சாறு, கல்லே அன்று. புட்பாஞ்சனம் துத்தநாக நீறு என்பர். ஏனையவற்றுள் எது அந்திமனிக் கல், எது ஈயக்கல் என்பதில் உரையாசிரியர் ஒத்த கருத்தினர் அல்லர். ஆகவே ஏட்டில் 'அஞ்சனம் கூட்டுக' என்றிருப்பின், மருத்துவன் கடையில் எதனை வாங்கினான் என்பதைச் சொல்லைக் கொண்டு துணிய இயலாது. கல்லைக் கொண்டே துணிதல் வேண்டும். ஈண்டு ஒன்று குறிப்பிடல் வேண்டும். இரு கல்லையும் பிரித்தறிதல் அத்துணை அரிதன்று. ஈயக்கல்லின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 7.5, அந்திமனிக் கல்லினது 4.6. முன்னது உடைத்தால் சிறு சதுரப் பெட்டிகளாகப் பிளக்கும். பின்னது ஊசி ஊசியாக நிற்கும். பின்னது மெழுகுத்திரிச் சுடரிலேயே உருகும். முன்னது அவ்வெம்மைக்கு உருகாது. கல்லாகக் கிடைக்கும்வரை இச்சோதனைகள் பயன்படும். பொடித்து எண்ணெயிற் குழைத்துச் சிமிழில் அடைத்தபின் கண்ணும் கையும் பயனில.

இவ்வறியாமையின் விலையை முதலில் எழுத்திற் பதிந்தவர் பிரித்தானிய மருத்துவர். இந்தியாவினின்றும் பாகித்தானினின்றும் சென்று குடியேறிய குடும்பத்துக் குழந்தைகளிடம் இரத்த ஈயம் மிக்கிருத்தலைக் கண்டு அதன் காரணத்தைத் தேடியபோது, வீட்டுச் சுவர் வண்ணமும் நீர்க்குழாயும் குற்றமற்றவையாக, கண்ணில் தீட்டிய 'சுர்மா'வே குற்றமுடைத்தாயிற்று. 1968-ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் கண்மையால் நேர்ந்த ஈய நஞ்சைக் குறித்த கட்டுரை வெளிவந்தது. பத்தாண்டு கழித்து, 1978-இல், அலி, சுமேல்சு, அசுலாம் என்போர் அதே இதழில் சுர்மாவுக்கும் குழந்தைகள் இரத்த ஈயத்துக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். ஈயம் கண்ணின் வழியே மட்டும் புகுவதன்று. குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் இடுகின்றது, அதுவே பெருவழி. வளரும் மூளையை ஈயம் குறைப்பது அறியப்பட்ட செய்தி. 2009-இல் வெளிவந்த ஆய்வொன்று சென்னைப் பள்ளிச் சிறார் 756 பேரின் இரத்தத்தை அளந்து, சராசரியாக நூறு மில்லிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருத்தலைக் கண்டது. அதற்குக் கண்மையே காரணம் எனல் பிழை. நகரத்துப் புகையும் வண்ணமும் பிறவும் உள. எனினும் ஏற்கெனவே சுமை ஏறிய உடலுக்கு மேலும் ஒரு துளி ஏற்றுவது எத்தகையது என்பதை அவ்வெண் காட்டும்.

இவ்விடத்து நம் வீட்டு மையைப் பற்றி ஒரு சொல் கூறாது செல்லுதல் முறையன்று. தமிழகத்து மகளிர் தாமே கூட்டும் மை விளக்குக்கரியாற் செய்வது. சந்தனமோ கரிசலாங்கண்ணிச் சாறோ தோய்த்துலர்த்திய துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டிற் படிந்த கரியை வழித்து எண்ணெயிற் குழைப்பர். அது கரியே, ஈயம் அன்று. குழந்தையின் கண்ணுக்குள் எதனையும் தீட்டலாகாது என மருத்துவர் கூறுவது வேறு காரணம் பற்றியது. ஆயினும் அம்மையையும் கடைச் சுர்மாவையும் ஒன்றாக எண்ணித் 'தமிழர் மை நஞ்சு' என எழுதிவிடுதல், அரிதாரம் என்றால் முகப்பூச்சு என்று கொள்ளும் அதே மயக்கத்தின் மறுபக்கமாகும். ஐயம் தட்டின்மேலும் சிமிழின்மேலும் வைக்கத்தக்கது. அவை எதனாற் செய்தவை என்பதைப் பார்த்தல் வேண்டும்.

குங்குமத்தின் வரலாறு இன்னும் சுவையுடையது. பழைய நூல்களிற் குங்குமம் என்பது வடபுலத்துப் பூவின் தாது. பின்னர் அப்பெயர், மஞ்சளோடு சுண்ணமும் படிகாரமும் எலுமிச்சஞ் சாறும் கூட்டிச் செய்த செம்பொடிக்கு உரியதாயிற்று. சிந்தூரமோ ஈயத்தைச் சுட்டுப் பெற்ற செந்நீறு; சாதிலிங்கம் இரசமும் கந்தகமும் கூடியது. சித்த மருத்துவர் 'செந்தூரம்' என்பதும் இவற்றின் வேறு. எவ்வுலோகத்தையும் சிவக்கச் சுட்டு எடுத்ததற்கு அது பொதுப்பெயர், அயச்செந்தூரம் இரும்பினது. குங்குமம், சிந்தூரம், செந்தூரம், சாதிலிங்கம் ஆகிய நான்கும் கண்ணுக்குச் செம்மையே. கடைக்காரனுக்கு நான்கும் 'சிவப்புப் பொடி'. நெற்றியில் இடும்போது வேறுபாடு தோன்றாது.

இவற்றை வேறுபடுத்தும் எளிய சோதனை ஒன்றுண்டு. மஞ்சட் குங்குமத்தின் செம்மை சுண்ணத்தின் காரத்தால் வந்தது; ஆதலின் எலுமிச்சஞ் சாறு போதிய அளவு பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகும். ஈயச் சிந்தூரம் அங்ஙனம் மாறாது. நீர்த்த நைட்டிரிக் அமிலம் விட்டால் கபில நிறம் அடையும். சாதிலிங்கம் இரண்டுக்கும் அசையாது. ஆனால் இச்சோதனை கலப்பில்லாத பொருளுக்கே செல்லும். மஞ்சட் குங்குமத்துள் நூற்றுக்கொரு பங்கு ஈயச் சிந்தூரம் கலந்திருப்பின் எலுமிச்சை அதனைக் காட்டிக்கொடாது. மஞ்சளே தூயதன்றாயின் சொல்ல வேண்டா. நிறம் கூட்டுதற்பொருட்டு மஞ்சளில் ஈயக் குரோமேட்டைச் சேர்க்கும் தீச்செயல் வங்கதேசத்தில் 2019-இலும், இந்திய நகரங்கள் உள்ளிட்ட தென்னாசிய நகரங்களில் 2024-இலும் வெளியான ஆய்வுகளால் வெளிப்பட்டது. குங்குமம் செய்வோன் நல்லவனாயினும், அவன் வாங்கிய மஞ்சள் அவனை ஏமாற்றியிருத்தல் கூடும்.

2017-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொதுநல மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதன் அளவைக் காட்டுகின்றது. நியூசெர்சி மாநிலக் கடைகளில் வாங்கிய 95 சிந்தூர மாதிரிகளும், மும்பையிலும் தில்லியிலும் வாங்கிய 23 மாதிரிகளும் சோதிக்கப்பட்டன. கிராமுக்கு ஒரு மைக்ரோகிராமேனும் ஈயம் இருந்தவை முன்னதில் நூற்றுக்கு 83, பின்னதில் 78. அமெரிக்க வரம்பாகிய 20 மைக்ரோகிராமைக் கடந்தவை முன்னதில் 19, பின்னதில் 43. சில மாதிரிகளிலோ ஈயம் கலப்பாக அன்றிப் பொருளாகவே இருந்தது. இவ்விரண்டையும் பிரித்துணர்தல் வேண்டும். மண்ணினின்றும் நீரினின்றும் தானே ஒட்டி வந்த துகள் ஒன்று. நிறத்துக்கென்றே இட்டது மற்றொன்று. முன்னதற்கு வரம்பு வகுக்கலாம். பின்னதற்குத் தடையே தகும். சட்டம் இயற்றியோரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருவகை விதி செய்தனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இரசத்தின் கதை வேறு வகையது. ஈயமும் அரிதாரமும் நிறம் தருவன. இரசமோ நிறத்தைப் பறிப்பது. தோலுக்குக் கருமை தரும் பொருள் விளைவதை இரச உப்புக்கள் தடுக்கின்றன. அதனால் 'சிவப்பழகு' களிம்புகளில் அவை புகுந்தன. தில்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014 சனவரியில் 73 ஒப்பனைப் பொருள்களின் சோதனை முடிவை வெளியிட்டது. 32 சிவப்பழகுக் களிம்புகளுள் 14-இல் இரசமும், 30 உதட்டுச் சாயங்களுள் 15-இல் குரோமியமும், 13-இல் நிக்கலும் காணப்பட்டன. இது செய்தித்தாளில் ஒருநாட் பேச்சாய்க் கழிந்தது. பின்னர் மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர், 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒருவகைச் சிறுநீரகச் சவ்வு நோயாளர் 22 பேரை ஆராய்ந்தபோது, 15 பேரிடம் 'நெல்-1' என்னும் புரத அடையாளத்தைக் கண்டனர். அப்பதினைவருள் 13 பேர் முகக்களிம்பு பூசுவோராய் இருந்தனர். அதற்கு முன்னரே, 2022-இல், அதே அடையாளத்தையுடைய நோயை இரசம் கலந்த நாட்டு மருந்துகளோடு தொடர்புபடுத்தி ஆய்வாளர் எழுதியிருந்தனர். தோலில் பூசியது சிறுநீரகத்தில் வெளிப்பட்டது. களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். ஆனால் நோயின் காரணத்தைக் கேட்டறிய ஒரு மருத்துவர் களிம்பைப் பற்றி வினவ வேண்டியிருந்தது. வினவாத இடங்களில் நிகழ்ந்தது யாரறிவார்?

இனிச் சோதனை முறையின் வளர்ச்சியைச் சுருங்கக் கூறுவோம். 1836-இல் சேம்சு மார்சு என்னும் ஆங்கிலேயர் ஆர்சனிக்கை ஆவியாக்கி, அதனைச் சுட்டுக் கண்ணாடியில் கருங்கண்ணாடிபோற் படியச் செய்யும் முறையை வெளியிட்டார். 1879-இல் கூட்சைட்டு என்பார் அவ்வாவியைத் தாளிற் பட்டுக் கறையுண்டாக்கச் செய்து அதனை எளிதாக்கினார். ஈயம் முதலியவற்றுக்கு மருந்துநூல்கள் வகுத்த 'வரம்புச் சோதனை' இன்னும் எளியது: மாதிரியைக் கரைத்துக் கந்தக ஆவி ஊட்டினால் உலோகக் கந்தகை கருக்கும், அக்கருமையை அளவறிந்த ஈயக் கரைசலின் கருமையோடு ஒப்புநோக்குவர். கண்ணால் ஒப்பிடும் சோதனையாதலின் எவ்வுலோகம் எவ்வளவு என அது பிரித்துரையாது. 'ஈயமாகக் கணக்கிட்ட கன உலோகம்' என்றே கூறும். 1955-இல் ஆலன் வால்சு அணுவுறிஞ்சல் முறையை நிறுவியபின் ஒவ்வோர் உலோகமும் தனித்தனியே தன் ஒளிக்கோட்டால் அளக்கப்பட்டது. இக்காலத்து மின்மச்சுடர் நிறைமானி பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் மிகக் கீழே செல்லும். கையில் ஏந்தும் ஊடுகதிர்க் கருவியோ பொருளைச் சிதைக்காமலே அதனுள் உள்ள உலோகங்களைக் காட்டும். நுண்ணளவில் அதன் சொல் அத்துணை உறுதியன்று.

சட்டம் கருவியின் பின்னே வந்தது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துள் ஒப்பனைப் பொருள்கள் 1962-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. நிறம் ஊட்ட ஈயச் சேர்மங்களையும் ஆர்சனிக் சேர்மங்களையும் பயன்படுத்தல் விலக்கப்பட்டது. சேர்க்கத்தக்க நிறமிகளிலும் பத்து இலட்சத்தில் ஆர்சனிக் 2 பங்கும், ஈயம் 20 பங்கும், பிற கன உலோகங்கள் மொத்தம் 100 பங்கும் மிகலாகாது என வரையறுக்கப்பட்டது. யாம் முன்னர்க் கூறிய இருவகை விதி இவையே. 2020-ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருள் விதிகள் இரசத்தையும் வரையறுத்தன: தானே கலந்தது ஒரு பங்குக்கு மேற்படலாகாது; கண்ணைச் சார்ந்த பொருள்களில் மட்டும், கெடாமற் காக்கும் பொருளாக, 70 பங்கு வரை ஒப்பினர். மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. 2023-இல் அவ்வுடன்படிக்கையார் ஒப்பனைப் பொருளில் இரசம் அறவே கூடாதெனத் துணிந்தனர்.

1962-இல் சட்டம் திருந்தியபோது கல்வராயன் மலை சாகீர்தார்கள் ஆளுகையில் இருந்தது. 1976-இலேயே அம்மலை அரசின் நேராட்சிக்குள் வந்தது. ஆகவே புட்டியின்மேல் உரிம எண் பொறித்தல் வேண்டும் என்னும் விதிக்கும், அதனைப் பார்த்துக் கேட்கும் அதிகாரி வெள்ளிமலை ஏறுவதற்கும் இடையே காலமே ஒரு மலையாய் நின்றது. 2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனையடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை வினவலாயிற்று. அது ஒப்பனைப் பொருளைப் பற்றிய வழக்கன்று. ஆயினும் நாவும் மூக்கும் வேறுபடுத்த மாட்டாத இரு நீர்மங்களுள் ஒன்று உயிர்க்கொல்லியாதல், கண் வேறுபடுத்த மாட்டாத இரு செம்பொடிகளின் கதையை நினைவூட்டாமற் போகாது. சாராயம் ஓரிரவிற் கொல்லும். ஆதலின் நீதிமன்றம் கேட்டது. ஈயம் ஓராண்டிலும் கொல்லாது, பிள்ளை பள்ளியிற் பின்தங்குவான், ஒருவரும் கேளார்.

அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவு பலரும் அறியாத ஒன்று. பொருளை வாங்கியவர் எவரேனும், அல்லது ஏற்பளிக்கப்பெற்ற நுகர்வோர் சங்கம், உரிய கட்டணம் செலுத்தி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதனைச் சோதிக்கக் கொடுத்து, அவர் ஒப்பமிட்ட அறிக்கையைப் பெறலாம். மருந்து ஆய்வாளர் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. சட்டத்தின் கண்ணில் வெள்ளிமலைப் பெண்ணொருத்தி சந்தையில் வாங்கிய குங்குமப் பொட்டலத்துக்கும் சென்னைப் பெருங்கடைக் களிம்புக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு வழியில் இருக்கின்றது. மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி, அங்கிருந்து சென்னை, பேருந்துக் கட்டணமும் சோதனைக் கட்டணமும் பொட்டலத்தின் விலையைப் பன்மடங்கு விஞ்சும், நாட்கூலியும் போம். தனியொருவருக்கு இயலாதது சங்கத்துக்கு இயலும். மலைவிளைபொருளைக் கொள்ளவும் வேண்டும் பண்டங்களை விற்கவும் பழங்குடியினர்க்கென அமைந்த பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தாம் விற்கும் குங்குமம், மை, மஞ்சள் ஆகியவற்றுள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சில மாதிரிகளை இப்பிரிவின்கீழ் அனுப்புதல் அரிதன்று என்பது எம் கருத்து.

தமிழ் ஆராய்ச்சியாளர்க்கு உரிய பணியும் ஒன்று எஞ்சியுள்ளது. தென்னார்க்காட்டுப் பகுதி தெருக்கூத்தின் தாயகங்களுள் ஒன்று. கேரளத்துக் கதகளியார் மனயோலை எனப் பாடாண மஞ்சளையும், சாயில்யம் எனச் சாதிலிங்கத்தையும் முகத்துக்கு இழைத்தமை நன்கறியப்பட்டது. நம் கூத்தர் அரிதாரம் என்று சொல்லி இழைத்தது உண்மையில் அரிதாரந்தானா, அன்றிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு மஞ்சள் மண்ணையா என்பது நம் அகராதிகளுக்கும் விடை தெரியாத வினா. பழைய கூத்துக் குழுக்களின் ஒப்பனைப் பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் கிடக்கக்கூடும். இழைத்த கல்லின் குழியிலும் கொட்டாங்கச்சியின் அடியிலும் வண்ணம் ஒட்டியிருக்கும். ஊடுகதிர்க் கருவி அதனைச் சுரண்டாமலே படித்துவிடும். வாத்தியார்களிடம் இசைவு பெற்று அப்பெட்டிகளைத் திறந்து பார்த்தபின்னரே, அரிதாரம் என்னும் சொல்லுக்கு இரண்டாம் பொருள் எப்பொழுது தோன்றியது என எழுத முடியும்.